ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்களில் எழுத்தை நம்பித் தேடாதீர்கள்

ஸ்காட்லாந்துப் பதிவேடுகளில் மூதாதையரைத் தேடித் தரும் பணியில் இருக்கிறேன். என்னிடம் வருவோர் பலர், தங்கள் பெயர் 'எம்.ஏ.சி.' என்று தொடங்குவதாகவும், 'எம்.சி.' என்று எழுதுவோர் அயர்லாந்துக்காரர்கள் என்பதால் அவர்களை விட்டுவிடலாம் என்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை. இரண்டும், ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் வழங்கும் பழைய மொழியான கேலிக்கில் மகனைக் குறிக்கும் 'மெக்' என்ற ஒரே சொல். பின்னது அதன் சுருக்கம் மட்டுமே.

1855 ஜனவரி முதல் தேதியன்று அரசுப் பதிவு தொடங்கும்வரை, ஞானஸ்நானங்களையும் திருமணங்களையும் ஏட்டில் ஏற்றியவர்கள் திருச்சபை எழுத்தர்களே. கேலிக் பேசும் குடியானவர் வாயால் சொன்ன பெயரை அவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். சில வேளைகளில் பெயரின் பொருளை ஆங்கிலப்படுத்தியும் எழுதினார்கள். அதனால் 'தச்சன் மகன்' எனப் பொருள்படும் மெக்கின்டயர் சில இடங்களில், தச்சனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'ரைட்' ஆனார். 'கொல்லன் மகன்' எனப் பொருள்படும் மெக்கௌவன் 'ஸ்மித்' ஆனார்.

அச்சுக்கூடமும் தன் பங்கைச் செய்தது. பழைய ஸ்காட்டு எழுத்துமுறையில் 'ய', 'க' போன்ற ஒலிகளுக்கு 'யோக்' என்றோர் எழுத்து இருந்தது. அதற்குரிய அச்சு இல்லாதபோது, உருவில் ஒத்த 'இசட்'டைக் கோத்தார்கள். 'மென்சீஸ்' என்று நாம் படிக்கும் பெயரை அங்குள்ள பலர் இன்றும் 'மிங்கிஸ்' என்றே உச்சரிப்பது இதனால்தான். தென்னிந்தியச் சுவடிகளைத் திரட்டிய காலின் மெக்கன்சியின் பெயரிலுள்ள 'இசட்'டும் அவ்வாறு நுழைந்ததே.

எழுத்துப் பிழையைவிடக் கடினமானது, பெயரே தடைசெய்யப்பட்ட மெக்ரெகர் குலத்தின் கதை. 1603இல் கிளென் ஃப்ரூயின் பள்ளத்தாக்கில் வேறொரு குலத்துடன் நடந்த மோதலுக்குப் பின் அப்பெயரைத் தரிப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமானது. 1661இல் நீங்கிய தடை 1693இல் மீண்டும் வந்து, 1774இல்தான் முற்றிலும் விலகியது. இடைப்பட்ட தலைமுறைகள் கிரான்ட், மர்ரே, கேம்பல் எனக் கிடைத்த பெயர்களுக்குள் ஒதுங்கின. அக்குலத்தில் பிறந்த, புகழ்பெற்ற ராப் ராயும் தம் தாயின் குடும்பப் பெயரான கேம்பலைப் பூண்டார். அதற்காக ஒவ்வொரு கிரான்டையும் மறைந்திருந்த மெக்ரெகர் என்று கொள்வது தவறு. நிலக்கிழாரின் பெயரையே குத்தகைக் குடிகள் ஏற்றுக்கொண்ட இடங்களும் உண்டு என்பதால், ஒரே பெயர் கொண்டோர் அனைவரும் இரத்த உறவினர் அல்லர்.

குடும்பப் பெயருக்கென்று கேடய வடிவ மரபுச் சின்னம் விற்போரிடம் பணம் கொடுக்க வேண்டாம் என்று வருவோரிடமெல்லாம் வற்புறுத்திச் சொல்கிறேன். ஸ்காட்லாந்துச் சட்டப்படி சின்னம் தனியொருவருக்கு உரியது. அதை வழங்கும் அதிகாரம் எடின்பரோவிலுள்ள லார்ட் லயன் நீதிமன்றத்திடமே இருக்கிறது.