ஸ்ட்ராவில் ஊதினால் உச்சஸ்தாயி எட்டுமா?

பிரிக்பீல்ட்ஸ் வாசகி ஒருவரின் கேள்வி: "கரோக்கேயில் சரணம் மேலே ஏறியதும் தொண்டை இறுகிவிடுகிறது. ஸ்ட்ராவுக்குள் பாடிப் பழகச் சொல்கிறார்கள். இதில் அறிவியல் இருக்கிறதா?"

இருக்கிறது. நுரையீரல் காற்று குரல்நாண்களைப் பிரிப்பதும் அவை திரும்ப ஒட்டுவதும் பள்ளியில் படித்ததுதான். 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் நொடிக்கு 440 தடவை அவை மோதுகின்றன. உச்சத்துக்காகக் காற்றை முட்டித் தள்ளினால் மோதல் பலக்கும், நாண் வீங்கும், குரல் கம்மும்.

அமெரிக்கக் குரலியல் அறிஞர் இங்கோ டிட்ஸ பல ஆண்டுகளாக ஆராய்ந்த அழகான இடம் இனிமேல்தான் வருகிறது. நாண்களுக்கு மேலே தொண்டையிலும் வாயிலும் நிற்கும் காற்றுக்கும் நிறை உண்டு, ஆகவே நிலைமம் உண்டு. நாண்கள் திறக்கும்போது அந்தக் காற்றுத்தூண் சட்டென்று நகராது. அங்கே அழுத்தம் ஏறி நாண்களை மேலும் விலக்கும். மூடும்போதோ தூண் ஏற்கெனவே வெளியே ஓடிக்கொண்டிருக்கும், உடனே நிற்காது. அதன் பின்னால் அழுத்தம் இறங்கி நாண்களை ஒன்றுசேர்க்கும். ஊஞ்சலை அது போகும் திசையிலேயே தள்ளிவிடுவது போன்ற உதவி இது. குறுகிய நீண்ட குழல் இந்த நிலைமத்தைக் கூட்டுகிறது. அதனால் குறைந்த மூச்சழுத்தத்திலேயே நாண்கள் அதிரும். வாய்க்குள் தேங்கும் அழுத்தம் நாண்களைச் சற்றே விலக்கி வைப்பதால் மோதலும் மென்மையாகும்.

சுமார் 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள எஃகு ஸ்ட்ரா போதும். காகித ஸ்ட்ரா எச்சிலில் நசுங்கும். 12 மில்லிமீட்டர் போபா ஸ்ட்ராவில் எதிர்ப்பே தேறாது. உதட்டை இறுக மூடி, கீழிருந்து மேலே வழுக்கி ஏறி இறங்குங்கள். இரண்டு நிமிடம், நாளுக்குச் சில தடவை. பிறகு பாட்டின் மெட்டை ஸ்ட்ராவிலேயே பாடுங்கள். நடுவில் மூக்கைப் பொத்திப் பாருங்கள்: ஒலி மாறினால் காற்று மூக்கில் கசிகிறது, பயிற்சி வீண். கழுத்து நரம்பு புடைத்தால் அதிகமாக ஊதுகிறீர்கள்.

நுனியைத் தண்ணீரில் விட்டுப் பாடுவதும் நல்லதுதான். ஆனால் 2 சென்டிமீட்டர் ஆழம் போதும். சாதாரணப் பேச்சுக்கே நுரையீரல் தருவது 5 முதல் 10 சென்டிமீட்டர் நீரழுத்தம்; 10 சென்டிமீட்டர் ஆழத்தில் குமிழி விடவே அது செலவாகிவிடும்.

பனங்கற்கண்டும் மிளகும் குரல்நாணைக் கழுவும் என்பதை நான் ஏற்பதில்லை. விழுங்கியது உணவுக்குழாய்க்குப் போகிறது. நாணைத் தொட்டால் புரையேறும். ஏர்கோன் அறையில் ஒத்திகை பார்ப்பவர்கள் தண்ணீரை அடிக்கடி குடிப்பது மேல்.

இன்றைய பாடகர்கள் நெஞ்சுக்குரலை அப்படியே மேலே ஏற்றி முழங்கும் 'பெல்டிங்' பாணிக்கு ஸ்ட்ரா மட்டும் போதாது. ஸ்ட்ரா வைத்த வாய் 'ஊ' உயிரைப் போன்றது. அதன் முதல் ஒத்ததிர்வு, அதாவது தொண்டை-வாய்க் குழி தானாகவே ஒலியைப் பெருக்கும் மிகத் தாழ்ந்த அதிர்வெண், 300 ஹெர்ட்ஸ் பக்கம். பெல்டிங்கில் அது சுரத்தின் இரட்டிப்பை, அதாவது 440-க்கு 880 ஹெர்ட்ஸை, நெருங்க வேண்டும். வாயை அகலத் திறந்தால்தான் அவ்வளவு ஏறும். ஆகவே ஸ்ட்ராவை எடுத்த கையோடு அதே வரியைத் தாடை இறக்கி, 'ஆ'வில் பாடுங்கள். கம்மல் மூன்று வாரத்தைத் தாண்டினால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.