மூச்சிரைக்கும் மாட்டுக்குக் காய்ச்சல் ஊசி எதற்கு?

"சார், மாட்டுக்கு நூத்தி அஞ்சு காய்ச்சல், ரெண்டு ஊசி போட்டும் இறங்கல." சித்திரை பிறந்துவிட்டால் கலப்பினப் பசு வளர்ப்போரிடமிருந்து கால்நடை மருத்துவர்களான எங்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன. சென்று பார்த்தால், தலைக்கு எட்டும் உயரத்தில் தகரக் கூரை, தொட்டியில் காலையில் ஊற்றிக் கொதித்துப்போன தண்ணீர், கழுத்தை நீட்டி வாய் திறந்து எச்சில் ஒழுக நிற்கும் பசு. சென்ற வாரம் நான் போய்ச் சேர்வதற்குள், ஏழு மாதச் சினையாக இருந்த ஒரு பசுவுக்குக் கடையில் வாங்கிய காய்ச்சல் ஊசியும் நுண்ணுயிர்க்கொல்லியும் போடப்பட்டிருந்தன. அதன்மேல் ஒரு வாளித் தண்ணீர்கூட ஊற்றப்படவில்லை. மாலைக்குள் அது இறந்துவிட்டது.

உடம்பு சுடுவதெல்லாம் காய்ச்சல் ஆகாது என்பதை எத்தனை முறைதான் சொல்வது? பசுவின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். நோய்க் கிருமி தாக்கும்போது, மூளையே அந்த அளவை உயர்த்தி உடலைச் சூடாக்குகிறது. அதுதான் காய்ச்சல், அந்த உயர்த்தலைத் தடுப்பதே காய்ச்சல் மருந்தின் வேலை. வெயிலில் தவிக்கும் மாட்டில் மூளை எதையும் உயர்த்தவில்லை. உள்ளே உண்டாகும் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் உடல் தோற்றுக்கொண்டிருக்கிறது. அங்கே மருந்து தடுப்பதற்கு ஒன்றுமில்லை என்பதோடு, நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்தையும் கெடுக்கும். (2006-லேயே கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்ட டைக்ளோஃபினாக்கை, மனிதர்களுக்கான குப்பியிலிருந்து எடுத்து மாட்டுக்குப் போடுவோர் இன்னும் இருக்கிறார்கள், அந்த மாடு இறந்து, அதைத் தின்னும் பாறு கழுகும் சிறுநீரகம் செயலிழந்து சாகிறது.)

ஐயமிருந்தால் விடியற்காலையில் வெப்பமானியை வையுங்கள். வெயிலின் சூடு என்றால் அப்போது வெகுவாகத் தணிந்திருக்கும், பக்கத்து மாடுகளும் முந்தைய நாள் இரைத்திருக்கும். விடியலிலும் 104-க்கு மேல் நின்றால் அது உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம் என்பதால், உடனே மருத்துவரை அழையுங்கள்.

"அந்தக் காலத்திலும் கத்திரி வெயில் அடித்ததே" என்பார்கள். அடித்தது, ஆனால் 1901 முதல் உள்ள பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டு 2024 என்று வானிலை ஆய்வுத் துறையே அறிவித்திருக்கிறது. இரவும் தணியாதபோது, பகலில் சேர்ந்த சூட்டைக் கழிக்கப் பசுவுக்கு நேரமே கிடைப்பதில்லை. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணிக்கும் குறியீடு 72-ஐத் தாண்டினாலே அதிகம் கறக்கும் குளிர்நாட்டுப் பசு திணறத் தொடங்கும் என்பது கணக்கு. நம் கடற்கரை ஊர்களில் 27 டிகிரி செல்சியஸும் 80 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தாலே அது 78 ஆகிவிடுகிறது. காங்கேயமும் உம்பளச்சேரியும் நின்ற தொழுவத்தில் இன்று நிற்பவை, அதிகப் பாலுக்காக அதிகம் தின்று, அதனாலேயே அதிக வெப்பத்தை உண்டாக்கும் ஹோல்ஸ்டீன், ஜெர்சி கலப்பினங்கள்.

சாவு கண்ணுக்குத் தெரிகிறது. மாடு பருவத்துக்கு வந்ததே தெரியாமல் போவதும், போட்ட சினை ஊசி நிற்காததும், கொழுப்புச் சத்து குறைந்து சங்கத்தில் பாலுக்கு விலை குறைவதும் இதே வெயிலின் கணக்கில் எழுதப்படுவதில்லை. பால் குறைந்ததே என்று அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி வாளி வாளியாக வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இரைக்கும் மாடு எச்சிலை வெளியே ஒழுகவிடுவதால் வயிற்றில் அமிலத்தைச் சமன்செய்ய ஏற்கெனவே வழியில்லாமல் இருக்கிறது, அதில் அரிசியையும் சேர்த்தால் செரிமானக் கோளாறு உயிரையே வாங்கும்.

நாள் முழுதும் நிழலில், குளிர்ந்த தண்ணீர் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கறவைப் பசு கோடையில் 100 லிட்டர் வரைகூடக் குடிக்கும். தகரத்தின் மேல் தென்னங்கீற்று பரப்புங்கள். தீவனத்தின் பெரும்பகுதியைப் பொழுது சாய்ந்த பின்னும் விடியலிலும் வையுங்கள், ஏனெனில் தின்ற சில மணி நேரத்தில்தான் செரிமானச் சூடு உச்சத்துக்குப் போகும். முதுகு நன்றாக நனையும்படி தண்ணீர் ஊற்றி உடனே மின்விசிறியைப் போடுங்கள்; காற்றில்லாமல் நனைப்பதும், நான்கு பக்கமும் ஈரச்சாக்கைக் கட்டிக் கொட்டகையை மூடுவதும் உள்ளே புழுக்கத்தைத்தான் கூட்டும். தண்ணீர் ஊற்றினால் சளி பிடிக்கும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

மாடு தள்ளாடினாலோ படுத்துவிட்டாலோ கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண்ணுக்கு அழைத்துவிட்டு, ஊர்தி வரும்வரை நிறுத்தாமல் நனைத்து விசிறுங்கள். மூங்கில் குழாயால் மோரோ வெங்காயச் சாறோ புகட்ட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இரைக்கும் மாட்டுக்குப் புகட்டுவது நேரே நுரையீரலுக்குள் போய்விடும், அதற்கு எங்களிடமும் மருந்தில்லை.