வேகனர் என்றால் வண்டிக்காரர் இல்லை

பழைய ஆங்கிலக் கப்பல் குறிப்புகளில் 'வேகனர்' என்று வந்தால், அகராதியைப் புரட்டி 'வண்டிக்காரர்' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அது மாலுமிகள் கையில் வைத்திருந்த கடல் வரைபட நூல்.

சொல் ஓர் ஆளின் பெயரிலிருந்து வந்தது. லூகாஸ் யான்சூன் வாகெனார், நெதர்லாந்தின் எங்க்ஹைசன் ஊர்க்காரர், மீகாமனாக இருந்தவர். (டச்சிலும் அந்தப் பெயர் வண்டித் தொழிலோடு ஒட்டியதுதான், அகராதியை முழுசாகக் குறை சொல்ல முடியாது.) 1584-ல் லைடனில் அச்சான அவர் நூலில் வரைபடமும் வழிக்குறிப்பும் ஒன்றாகவே இருந்தன: எங்கே எவ்வளவு ஆழம், எங்கே நங்கூரம் போடலாம், கப்பலிலிருந்து பார்த்தால் கரை எப்படித் தெரியும், எல்லாம். ஸ்பெயின் தன் மூல வரைபடத்தை செவில் நகர அலுவலகத்தில் பொத்திப் பொத்தி வைத்திருந்த காலம் அது. இவரோ அச்சடித்துக் கடையில் விற்றார். 1588-ல், ஸ்பெயினின் ஆர்மடா என்ற போர்க்கப்பல் படை இங்கிலாந்து மேல் படையெடுத்த அதே ஆண்டில், ஆந்தனி ஆஷ்லி அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அப்புறம் யார் போட்ட கடல் வரைபட நூலும் ஆங்கில மாலுமிகள் வாயில் 'வேகனர்' ஆகிவிட்டது.

1652-ல் இங்கிலாந்தும் நெதர்லாந்தும் போரில் இறங்கின. ஆனாலும் 1671-ல் ஜான் செல்லர் 'இங்கிலீஷ் பைலட்' என்று பெருமையாகப் பேர் வைத்து வெளியிட்ட நூலுக்குக்கூட வரைபடம் அச்சடிக்கும் பழைய டச்சு செப்புத் தகடுகள்தான் பயன்பட்டன!

இந்தச் சொல்லின் சுவையான கட்டம் 1681-ல். பார்த்தலோமியூ ஷார்ப் என்ற ஆங்கிலக் கடற்கொள்ளையர் தென் அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் 'ரொசாரியோ' என்ற ஸ்பானியக் கப்பலைப் பிடித்தார். அதிலிருந்த கையெழுத்து வழிநூலை ஸ்பானியர்கள் கடலில் எறியப் போனார்கள், அதற்குள் ஷார்ப் பிடுங்கிக்கொண்டார், கப்பல்காரர்கள் கதறினார்களாம். லண்டன் திரும்பியதும் ஸ்பானியத் தூதர் வற்புறுத்தியதால் வழக்கு நடந்தது, ஷார்ப் விடுதலையானார். வரைபடக்காரர் வில்லியம் ஹேக் அந்த நூலைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதிய வண்ணப் பிரதிக்கு வைத்த பெயர் 'தென்கடல் வேகனர்' (தென்கடல் என்றால் பசிபிக்). ஸ்பானிய ரகசியம், ஆங்கிலப் பிரதி, டச்சுக்காரர் பெயர்.

சரி, தமிழில்? 'கடற்படத் தொகுப்பு' என்று எழுதினால் பாதிப் பேர் 'கடற்படை' என்று படிப்பார்கள். 'நிலப்பட நூல்' அட்லஸுக்குச் சரி, கடலுக்கு இடிக்கும். படம் மட்டுமில்லாமல் வழியும் சொல்லும் நூல் என்பதால் 'கடல்வழிப் படநூல்' என்பதே என் தேர்வு. படமே இல்லாத பழைய 'ரட்டர்' வகைக்கு வெறும் 'கடல்வழி நூல்' போதும்.