நடுக்கத்தை அடக்கும் குளிசையும் பிழையிலிருந்து படிப்பதும்

மானிப்பாயிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அப்பா பார்க்கின்சன் நோய்க்கு நாலு வருஷமாகக் குளிசை போடுகிறார். நாற்பது வருஷத்துக்கு முந்தின வேலிச் சண்டையை நாள் தேதியோடு சொல்லுவார். ஆனால் புது ரிமோட்டில் பத்துத் தரம் பிழையான பொத்தானை அமத்தினால் பதினோராம் தரமும் அதையேதான் அமத்துகிறார். மூளையை ஸ்கான் எடுத்தால் காரணம் தெரியுமா?”

அவருடைய மூளையை மட்டும் எடுத்தால் தெரியாது. பார்க்கின்சன் நோயாளிகளின் வழமையான எம்.ஆர்.ஐ. படம் பெரும்பாலும் குறையில்லாமலே இருக்கும். வேறு நோய் இல்லையென்று உறுதிசெய்யத்தான் வைத்தியர்கள் அதை எழுதிக் கொடுக்கிறார்கள். ஆனால் பலருடைய மூளைகளைக் கற்கும் வேளையிலேயே படமெடுத்து, சராசரி பார்த்ததில் காரணத்தின் ஒரு பகுதி பிடிபட்டிருக்கிறது.

நோயின் அடிப்படை பலருக்கும் தெரியும். நடுமூளையின் கறுத்த பட்டையில், டோபமின் என்ற செய்தி கடத்தும் பொருளைச் சுரக்கும் நரம்புக்கலங்கள் அழிகின்றன. அவற்றின் இழைகள் போய்ச் சேரும், மூளையின் ஆழத்திலுள்ள வரியுடலம் டோபமின் இல்லாமல் வறள்கிறது. கை நடுங்கும், உடல் இறுகும், நடை குறுகும். குளிசையிலுள்ள எல்-டோபா மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிறது. (பூனைக்காலி விதையிலும் எல்-டோபா உண்டு. விதைக்கு விதை அளவு மாறுவதால், குளிசையோடு சேர்த்து வீட்டில் இடித்துக் குடிப்பது ஆபத்து. செய்வினை கழிக்கக் காசு கட்டுவதில் அந்த ஆபத்தும் இல்லை, எல்-டோபாவும் இல்லை.)

1996 இல் நோல்ட்டன், மங்கெல்ஸ், ஸ்குவயர் என்ற மூளை ஆய்வாளர்கள் மூவரும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். உருவங்கள் போட்ட சீட்டுகளைப் பார்த்து மழையா வெயிலா என்று ஊகிக்க வேண்டும். ஊகித்ததும் சரியா பிழையா என்று திரை சொல்லும். ஒரே சீட்டு சில தரம் மழையைக் காட்டும், சில தரம் வெயிலைக் காட்டும். ஆகவே பாடமாக்க முடியாது, பழகித்தான் வரவேண்டும். பார்க்கின்சன் நோயாளிகள் முதல் 50 தடவைகளில் முன்னேறவே இல்லை. ஆனால் பரிசோதனையில் என்னென்ன பார்த்தார்கள் என்று கேட்டால் சரியாகச் சொன்னார்கள். மறதி நோயாளிகள் நேர்மாறு: ஊகம் திருந்தியது, பார்த்தது நினைவில்லை. நடந்ததைச் சேமிக்கும் கிடங்கு வேறு, சரிபிழை பார்த்துப் பழகும் பொறி வேறு. வேலிச் சண்டை கிடங்கில் இருக்கிறது. ரிமோட் பொறியிடம் வந்து நிற்கிறது.

அந்தப் பொறியின் வேலைதான் அழகு. குரங்குகளில் வூல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் கண்டது இது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமின் கலங்கள் படபடவென்று துடிக்கின்றன. விளக்கு எரிந்த பிறகே சாறு வரும் என்று குரங்கு பழகியபின், துடிப்பு விளக்குக்கு இடம்மாறுகிறது. சாறு வரும்போது கலங்கள் அசையா. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு அடங்குகிறது. டோபமின் அறிவிப்பது பரிசையல்ல, கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை.

கணக்கு புலமைப்பரிசில் எழுதும் பிள்ளையும் செய்யக்கூடியது. ஒரு சீட்டில் எதிர்பார்ப்பு 0.5 என்று வைப்போம். சரி வந்தால் 1, பிழை என்றால் 0. முதல் தடவை சரி: வித்தியாசம் +0.5. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினால் எதிர்பார்ப்பு 0.6. மறுபடி சரி: வித்தியாசம் +0.4, எதிர்பார்ப்பு 0.68. மூன்றாவது பிழை: வித்தியாசம் −0.68, எதிர்பார்ப்பு 0.544 ஆக இறங்கும்.

ஸ்கானருக்குள் படுத்திருப்பவர் சீட்டைத் தெரிவுசெய்யச் செய்ய, ஒவ்வொரு தடவைக்கும் இந்த வித்தியாசத்தை வரிசையாக எழுதிக்கொள்கிறார்கள். இயந்திரம் அளப்பது டோபமினையல்ல, இரத்தத்தின் ஒட்சிசன் மாற்றத்தை. அது உச்சத்துக்கு வர 5–6 செக்கன் ஆகும், மாற்றமும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றுதான். எனவே அந்த எண்வரிசையை இரத்தத்தின் வேகத்துக்கு இழுத்து ஒரு அலையாக்கி, மூளையின் ஒவ்வொரு 3 மில்லிமீற்றர் கனத்துண்டும் அந்த அலையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். ஒத்துப்போகும் இடத்துக்கு நிறம் பூசுகிறார்கள். பத்திரிகைகள் எழுதுவதுபோல மூளையில் ஒரு விளக்கும் எரிவதில்லை. அந்த நிறம் கணக்கின் விடை.

பிழைக்கும் இடங்கள் பல. பொத்தானை அமத்துவதற்கும் விடை தெரிவதற்கும் இடையில் எப்போதும் ஒரே இடைவெளி விட்டால் இரண்டின் அலைகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே இடைவெளியைத் தாறுமாறாக மாற்றுவார்கள். செக்கனுக்கு 4–6 தரம் நடுங்கும் கை தலையையும் அசைக்கும். நோயாளிகளின் தலை மற்றவர்களைவிடக் கூட அசைந்தால், அசைவின் வித்தியாசமே கற்றலின் வித்தியாசமாகப் படத்தில் வேடம் போடும். எல்-டோபா இரத்தவோட்டத்தையே நேரடியாக மாற்றுவதால், குளிசை போட்ட படத்தையும் போடாத படத்தையும் ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும்.

அந்த ஒப்பீடுதான் முக்கியம். வைத்தியர் மேற்பார்வையில் முதல்நாள் இரவிலிருந்து குறைந்தது 12 மணிநேரம் குளிசையை நிறுத்தி ஒரு நாள், வழமைபோலக் கொடுத்து இன்னொரு நாள். (வீட்டில் இதைச் செய்து பார்க்கவேண்டாம். திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.) மைக்கல் ஃபிராங்கும் சகாக்களும் 2004 இல் ஸ்கானர் இல்லாமலே, ஜப்பானிய எழுத்துகளைக் காட்டிக் கண்டது: குளிசை போடாதவர்கள் பிழையிலிருந்து நன்றாகப் படித்தார்கள், போட்டவர்கள் சரியிலிருந்து நன்றாகப் படித்தார்கள்.

ஏன்? வரியுடலம் ஒரே சீராக வறள்வதில்லை. அசைவைப் பார்க்கும் மேல், பின் பகுதி முதலில் வறளும். பரிசைக் கணக்கிடும் கீழ்ப்பகுதியில் ஆரம்பத்தில் ஈரம் இருக்கும். காய்ந்த பாத்திக்குப் போதுமான தண்ணீரை ஒரே வாய்க்காலால் எல்லாப் பாத்திக்கும் விட்டால் ஈரப்பாத்தி வெங்காயம் அழுகும். பிழையை அறிவிப்பது டோபமின் மட்டத்தின் ஒரு கணநேர இறக்கம். குளிசை நிரப்பிய இடத்தில் அது யாழ்ப்பாணத்து வற்றாத நிலாவரைக் கிணற்றில் வாளி விட்டதுபோல, மட்டம் இறங்கியதே தெரியாது.

டோபமினையே நேரே தொடரக் கதிரியக்க ஃபுளோரின் ஏற்றிய மருந்தும், அந்த மருந்து சேரும் இடத்தைப் படமெடுக்கும் பெற் ஸ்கானும் வேண்டும். அந்த ஃபுளோரின் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். கொழும்பில் செய்து ரயிலில் யாழ்ப்பாணம் அனுப்பினால், 7 மணி 20 நிமிடத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதற்காக இங்கே ஆராய்ச்சியே முடியாது என்று கையைக் கட்டிக்கொள்வது சோம்பல். ஃபிராங்கின் பரிசோதனைக்கு ஒரு மடிக்கணினியும் நம்மவருக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துகளும் போதும். சிறு மாணவர் ஆய்வுகளுக்குக் காசு ஒதுக்கினாலே தமிழ் நோயாளிகளைப் பற்றி ஏதாவது தெரியவரும்.

மானிப்பாய் அப்பாவுக்கு வருவோம். சரிபிழை சொல்லிப் பழக்காமல், சரியான சோடிகளை முதலிலேயே காட்டிக் கற்பித்தபோது பார்க்கின்சன் நோயாளிகள் மற்றவர்களுக்குச் சமமாகப் படித்ததை டஃப்னா ஷொஹாமியின் குழு 2004 இல் காட்டியது. எனவே “அமத்திப் பாருங்கோ, பிழைத்தால் சொல்லுறன்” என்ற முறை அவருக்கு ஒத்துவராது. தேவையான மூன்று பொத்தான்களை விட்டு மற்றவற்றை ஒட்டுநாடாவால் மூடுங்கள். 1, 2, 3 என்று இலக்கம் எழுதி ஒட்டுங்கள். குளிசை வேலைசெய்து கை இலகுவாக இருக்கும் நேரம் பார்த்து, நீங்களே அமத்திக் காட்டி, உடனே அவரையும் அதே வரிசையில் அமத்தச் சொல்லுங்கள்.