கம்மல் போட்ட மாடெல்லாம் இன்சூரன்ஸ் போட்ட மாடு இல்லை

போன கோடையில் மதுரை மாவட்டம் செல்லம்பட்டிப் பக்கத்து அக்கா ஒருவர் மஞ்சப்பையோடு கால்நடை மருந்தகத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். பைக்குள் மஞ்சள் நிறக் காதுவில்லை ஒன்று, ஊரில் கம்மல் என்பார்கள். அவருடைய கறவை மாடு ராத்திரி வயிறு உப்பிச் செத்துப்போயிருந்தது. வெயில் ஏறினால் நாறும் என்று அக்கம்பக்கத்தார் சொல்ல, காலையிலேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். விவரம் தெரிந்த ஒருவர், "கம்மலை மட்டும் கழட்டி வச்சுக்க, அதைக் காட்டினாத்தான் பணம்" என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தடுப்பூசி அன்னைக்குப் போட்டதும்மா. மாட்டுக்கு இன்சூரன்சே போடலையே" என்றார்.

"கம்மல் கெடக்கே டாக்டர், பெறகென்ன?"

நியாயமான கேள்விதான். வில்லை குத்த வந்தவர்கள் அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கோமாரித் தடுப்பூசி போடும்போது குத்துகிற அந்த மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். அது மாட்டுக்கு ஆதார் மாதிரி, அடையாளத்துக்கு மட்டும். இன்சூரன்ஸ் உண்டா இல்லையா என்பதைச் சொல்வது பாலிசித் தாள். மாட்டின் காதில் உள்ள எண் அந்தத் தாளில் இருக்க வேண்டும், தாளில் உள்ள தேதி முடியாமல் இருக்க வேண்டும். தாள் கையில் இல்லை என்றால் இப்போதைக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றே வைத்துக்கொண்டு, நாளைக்கே மருந்தகத்துக்குப் போய்க் கேளுங்கள்.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் மத்திய, மாநில அரசுகள் பிரீமியத்தில் பெரும்பங்கைக் கட்டுகின்றன. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவுப்படி வளர்ப்பவர் பங்கு 15 சதவீதம். பிரீமியம் 1,000 ரூபாய் என்றால் நீங்கள் கட்ட வேண்டியது 150. ஒரு குடும்பத்துக்கு 10 மாட்டு அலகு வரை போடலாம். ஒரு மாடு ஓர் அலகு, 10 ஆடு ஓர் அலகு. பழைய கணக்கில் பாதிப் பணம் கேட்டால், எந்த ஆண்டு உத்தரவு என்று கேளுங்கள்.

தகுதியில் முதலில் இடறுவது வயது. பசு, எருமைக்கு 2½ முதல் 8 வயது, ஆட்டுக்கு 1 முதல் 3 வயது. நாம் சொல்லும் வயது செல்லாது, பல்லைப் பார்த்துத்தான் போடுவார்கள். நாலு ஈற்று, அஞ்சு ஈற்று கறந்தபிறகு போடலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தவர்கள் எல்லை தாண்டியபிறகு வந்து நிற்பார்கள். அடுத்தது இலக்கு. மாவட்டத்துக்கு ஆண்டுக்கு இத்தனை கால்நடை என்று எண்ணிக்கை ஒதுக்குகிறார்கள். "டார்கெட் முடிஞ்சுபோச்சு" என்ற பதில் அங்கிருந்துதான் வருகிறது. அந்தப் பதிலோடு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். அடுத்த ஒதுக்கீட்டுக்குப் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், எழுதுவதைக் கண்ணால் பாருங்கள். மருந்தகத்துக் கால்நடை ஆய்வாளர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவர் தலையில் எத்தனை ஊரைத்தான் வைத்திருப்பார்?

நாய்க்குட்டி தூக்கிக்கொண்டு ஊசி போட வருகிறவர்களும் இதைக் கேட்கிறார்கள். நாய், பூனைக்கு இதில் இடமில்லை.

இன்சூரன்ஸ் போடுகிற அன்றைக்கு மாட்டின் மதிப்பை மருத்துவர், கம்பெனிக்காரர், நீங்கள் மூவரும் பேசித்தான் எழுத வேண்டும். நடப்பில் அவர்கள் எழுதி முடித்தபிறகு நம்மிடம் கையெழுத்து கேட்பார்கள். என்ன தொகை எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போடுங்கள். 60,000 கொடுத்து வாங்கிய மாட்டுக்கு 35,000 எழுதியிருந்தால் செத்தபிறகு வருவது 35,000தான். பெயரையும் பாருங்கள். மாடு மேய்ப்பது மனைவி, பாலிசி கணவர் பெயரில், பாஸ்புக் மாமனார் பெயரில் என்று இருக்கிற வீடுகள் உண்டு. ஆதார், பாஸ்புக், பாலிசி மூன்றிலும் ஒரே ஆள், ஒரே இனிஷியல் இருக்கட்டும். அப்புறம், வில்லை எண் தெரிகிற மாதிரி மாட்டை உங்கள் போனிலேயே ஒரு படம் எடுத்து, பாலிசித் தாளையும் படம் எடுத்து, மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள். கூரை ஒழுகித் தாள் நனைந்துபோனவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

கடனில் மாடு வாங்கியவர்களுக்கு இன்னொரு சங்கடம். வங்கியே பிரீமியத்தைப் பிடித்து இன்சூரன்ஸ் போட்டுவிடும். தாள் அங்கேயே கிடக்கும். என் சித்தப்பா வீட்டு மாடு செத்தபோது பாலிசி நம்பர் கேட்டு நாலு நாள் அலைந்தோம். ஐந்தாம் நாள் பார்த்தால், முந்தின ஆண்டோடு முடிந்துபோன பாலிசி. புதுப்பிக்கச் சொல்லி ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. கடன் வாங்கியிருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை நகல் கேட்டு வாங்குங்கள். பணம் வந்தாலும் முதலில் கடன் கணக்குக்குத்தான் போகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பாலிசி தொடங்கி 15 நாளுக்குள் நோய் கண்டு செத்தால் பணம் கிடையாது. திருட்டுப்போனாலும், மேயப்போய்க் காணாமல் போனாலும் கிடையாது. சப்பை நோய், தொண்டை அடைப்பான் போன்றவற்றில் செத்தால் தடுப்பூசி போட்டிருந்ததா என்று கேட்பார்கள், ஆகவே ஊசி போட்ட அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். சந்தையில் வாங்கிய மாட்டின் காதில் வில்லை தொங்கினால் பழைய சொந்தக்காரரின் பாலிசி தானாக உங்களோடு வந்துவிடாது. எழுதிக்கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். வேலியில் மாட்டி வில்லை அறுந்து விழுந்தால் அன்றைக்கே மருந்தகத்துக்கும் கம்பெனிக்கும் சொல்லி வேறு வில்லை போட்டு, புது எண்ணைப் பாலிசியில் ஏற்றுங்கள். வில்லை இல்லாத மாட்டுக்குப் பணம் இல்லை என்பதில் கம்பெனிக்காரர்கள் கண்டிப்பானவர்கள். மற்ற விஷயத்தில் இந்தக் கண்டிப்பைப் பார்க்க முடியாது.

மாடு நோயாகப் படுத்தால் 1962க்குப் போன் செய்யுங்கள், நடமாடும் மருத்துவ வண்டி வரும். வைத்தியம் பார்த்ததற்குச் சீட்டு வாங்குங்கள், பின்னால் உதவும். ஆனால் 1962க்குச் சொன்னது கம்பெனிக்குச் சொன்னதாக ஆகாது.

இனி மாடு செத்த அன்றைக்கு. பணம் தப்பிப்போவது பெரும்பாலும் அந்த ஒரு காலைப்பொழுதில்தான்.

புதைக்காதீர்கள். தோல் வியாபாரிக்கு விற்காதீர்கள். வில்லையைக் கழற்றாதீர்கள். நிழலுக்கு இழுத்துப் போட்டு, ஈரச் சாக்கோ தென்னங்கீற்றோ போட்டு மூடுங்கள். மூக்கிலும் வாயிலும் உறையாத ரத்தம் வந்திருந்தால் கையே வைக்கக் கூடாது. அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருந்தால் மனிதருக்கும் தொற்றும், டாக்டரும் அதை அறுக்க மாட்டார். முழு மாடு தெரிகிற மாதிரி ஒரு படம், காதில் வில்லை எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டு, பாலிசியில் உள்ள எண்ணுக்குப் போன் செய்யுங்கள். போனோடு விடாமல் குறுஞ்செய்தியோ வாட்ஸ்அப்போ அனுப்புங்கள், நேரம் பதிவாகும். அடுத்த போன் மருந்தகத்துக்கு.

அலைச்சல் இங்கேதான் தொடங்கும். டாக்டர், "கம்பெனி ஆள் பார்த்துட்டாரா?" என்பார். கம்பெனி ஆள், "டாக்டர் சர்டிபிகேட் வரட்டும்" என்பார். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் இரண்டு பேரும் எடுக்க மாட்டார்கள். மே மாத வெயிலில் மாடு மதியத்துக்குள் ஊதிவிடும். அருகில் உள்ள வேறு மருந்தகத்து டாக்டரையாவது பிடித்து அன்றைக்கே பிரேதப் பரிசோதனை செய்யவைப்பதுதான் முக்கியம். வெட்டும்போது போனில் படம் பிடியுங்கள், ஊர்க்காரர் இரண்டு பேர் நிற்கட்டும். பரிசோதனை முடிந்தபிறகு வில்லையை டாக்டரே எடுத்துக் கொடுப்பார், அது விண்ணப்பத்தோடு போக வேண்டும். "செலவுக்கு ஏதாவது" என்று யாராவது காதைச் சொறிந்தால், மருத்துவருக்கு மதிப்பூதியம் திட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

திட்டத்தின் வழிகாட்டு நெறிகள் கேட்கிற தாள்கள் நான்குதான்: இறப்பைத் தெரிவித்த கடிதம், பாலிசி, கோரிக்கைப் படிவம், பிரேதப் பரிசோதனை அறிக்கை. பணம் போட ஆதாரும் பாஸ்புக் நகலும் கேட்டால் கொடுங்கள். அதற்கு மேல் விஏஓ சான்று, பஞ்சாயத்துத் தலைவர் கடிதம் என்று நீட்டினால், எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். கேட்பவர் பாதிப்பேர் அந்த இடத்திலேயே அடங்கிவிடுவார்கள். தாள்கள் கொடுத்த 15 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டியோடு தர வேண்டும் என்றும் அதே நெறிகளில் இருக்கிறது. இந்த வட்டியைக் கேட்டு வாங்கிய ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. எந்தத் தாளைக் கொடுத்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தேதி இல்லாவிட்டால் 15 நாளை எங்கிருந்து எண்ணுவது?

இழுத்தடித்தால், மதுரை கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாளும் மாதாமாதம் விவசாயிகள் குறைதீர் கூட்டமும் நடக்கின்றன. விவசாயிகள் கூட்டத்தில் கால்நடைத் துறை அதிகாரிகளும் இருப்பார்கள். எழுந்து நின்று பாலிசி எண்ணைப் படித்துக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். கம்பெனி மறுத்துக் கடிதம் கொடுத்தால், முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், ஓர் ஆண்டுக்குள் எழுத வேண்டும். "உங்க கேஸ் செல்லாது" என்று வாயால் சொன்னதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். மறுக்கிற காரணத்தை லெட்டர்பேடில் கேட்டு வாங்குங்கள்.