பெரிய சுண்டெலியும் பி27 என்னும் முட்டுக்கட்டையும்

"மேடம், ஒரு மரபணுவை எடுத்துவிட்டால் எலி பெரிதாக வளருமாமே? என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். உயரம் போதாது என்று கூடைப்பந்து அணியில் சேர்க்கவில்லை. மனுஷங்களுக்கு அந்த மாதிரி எதுவும் செய்ய முடியாதா?" அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கூடவே, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய 'உயரம் கூட்டும்' பவுடர் டப்பாவின் படம்.

முதலில் அந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்கள். எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடிய பிறகு எந்தப் பவுடராலும் எலும்பை நீட்ட முடியாது. மூடும் முன்பு பையனுக்குத் தேவை நல்ல சாப்பாடும் தூக்கமும்தான். தாயத்து கட்டுகிறவர்களைக் கிண்டல் செய்யும் படித்தவர்களே இந்த டப்பாக்களை வாங்குவதுதான் எனக்கு எரிச்சல்.

எலி விஷயம் உண்மை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மூன்று குழுக்கள், செல் பிளவுக்கு முட்டுக்கட்டை போடும் பி27 என்ற புரதத்துக்கான மரபணு வேலை செய்யாத சுண்டெலிகளைத் தனித்தனியாக உருவாக்கி, 1996-ல் ஒரே ஆய்விதழின் ஒரே இதழில் முடிவுகளை வெளியிட்டன. பிறந்தபோது குட்டிகளிடையே வித்தியாசம் இல்லை. சில வாரங்கள் கழித்துத் தராசில் வைத்தால், உடன்பிறந்த சாதாரணக் குட்டிகளைவிட எடை ஏறத்தாழ 30 சதவீதம் வரை கூடுதல். கொழுப்பு போட்ட எடை இல்லை. உள்ளுறுப்புகளே பெரிதாக இருந்தன, நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியும் மண்ணீரலும் இன்னும் அதிகமாக. வளர்ச்சி ஹார்மோன் கூடியிருக்கவில்லை. செல்கள் பருக்கவும் இல்லை. அவற்றின் எண்ணிக்கைதான் கூடியிருந்தது.

செல் சுழற்சி பள்ளியில் படித்ததுதான்: ஜி1, எஸ், ஜி2, எம். எஸ் கட்டத்தில் டிஎன்ஏ நகலாகிறது. அதற்குள் நுழைய சிடிகே2 என்ற நொதி, சைக்ளின் என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து இயங்க வேண்டும். இந்த ஜோடியை முடக்கி வைப்பதுதான் பி27-இன் வேலை.

முடக்கும் விதம்தான் அழகு. தனியாக இருக்கும்போது பி27-க்கு நிலையான வடிவமே கிடையாது. சைக்ளினைக் கண்டதும் முதலில் அதன்மேல் படிகிறது. பிறகு நீண்டு சிடிகே2-வின் மேல் பரவுகிறது. நொதி வேலை செய்ய, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வந்து உட்கார வேண்டிய குழி ஒன்று அங்கே உண்டு. சாவித் துவாரத்தில் தீக்குச்சியை ஒடித்துச் செருகுவதுபோல, பி27 தன் 88-ஆவது அமினோ அமிலமான டைரோசினை அந்தக் குழிக்குள் செருகிவிடுகிறது. ஏடிபிக்கு இடமில்லை.

சரி, செல் பிளவுபட வேண்டிய நேரம் வந்தால்? வளர்ச்சிக்கான சமிக்ஞை கிடைத்ததும் வேறொரு நொதி அந்த டைரோசின்மேல் பாஸ்பேட் என்ற சிறு வேதித் தொகுதியை ஒட்டுகிறது. டைரோசின் குழியைவிட்டு வெளியே வருகிறது, ஏடிபி உள்ளே போகிறது. பி27 இன்னும் மேலே ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் சிடிகே2 அரைகுறையாக விழித்துவிட்டது. விழித்ததும் அது தன்மேல் படிந்திருக்கும் பி27-இன் 187-ஆவது இடத்திலேயே ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது! எஸ்கேபி2 என்ற புரதம் அந்த அடையாளத்தைப் பார்த்து பி27-ஐ அழிவுக்கு அனுப்புகிறது. இப்படி விடுபட்ட ஒவ்வொரு சிடிகே2-வும் மேலும் பல பி27-களுக்கு அடையாளம் வைக்கிறது. மெதுவாகத் தொடங்கி, பிறகு கிடுகிடுவென்று எல்லாம் காலி. அதற்கப்புறம் செல்லுக்குப் பின்வாங்க வழியில்லை. எஸ்கேபி2 இல்லாத சுண்டெலிகள் சிறியவை. அவற்றின் செல்களில் பி27 குவிந்து கிடக்கும்.

பெரிய உடம்புக்கு அந்த எலிகள் கொடுத்த விலையும் சாதாரணமல்ல. பெண் எலிகளுக்குக் கரு தங்கவில்லை, விழித்திரை அடுக்குகள் குலைந்தன, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்தது. இந்த மரபணுவின் இரண்டு நகல்களில் ஒன்றை மட்டும் இழந்த எலிகள் நடுத்தர அளவில் வளர்ந்தன. கதிர்வீச்சு பட்டபோது அவற்றுக்கும் கட்டிகள் அதிகம் வந்தன. கட்டிக்குள் பார்த்தால் மிச்சமிருந்த நகல் நன்றாகவே இருந்தது. பாதி குறைந்தாலே ஆபத்து என்று 1998-ல் தெரிந்தது. மனிதர்களிலும் இந்த மரபணுவில் பழுதுள்ள சில அரிய குடும்பங்களில் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியிலும் பிட்யூட்டரியிலும் கட்டிகள் வருகின்றன. பையனுக்கு இது வேண்டாம், அம்மா.

ஒரு புலம்பல். கட்டி வரும்வரை எலி வளர்க்க மாதக்கணக்கில் ஆகும். பெங்களூரின் ஆய்வுக்கூடங்களில் குட்டியின் காதில் அடையாளத் துளை போடுவது, வால் நுனியைத் துளி வெட்டி பிசிஆர் என்ற மரபணுச் சோதனை பார்ப்பது, கூண்டு மாற்றுவது என்று தினமும் வேலை. மானியப் பணம் தாமதமானால் எலிகள் பட்டினி கிடந்து காத்திருக்குமா? 2020-21-ல் நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். எனக்கு இது வெட்கக்கேடாகப் படுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த விளைவு காதில்தான். பாலூட்டிகளின் உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் உள்ளே ஒரு வரிசை, வெளியே மூன்று வரிசை என்று நறுக்காக நிற்கும். பி27 இல்லாத எலியில் மயிர்ச் செல்கள் கூடுதலாக முளைத்தன. கேட்கும் திறனோ மோசமாகக் குறைந்தது. வளர்ந்த பாலூட்டிகளில் இந்த மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை, பறவைகளில் முளைக்கும். அருகிலுள்ள துணைச் செல்களில் பி27 ஆயுள் முழுக்கத் தங்குவது இதற்கு ஒரு காரணம். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், வளர்ந்த சுண்டெலியின் துணைச் செல்களில் பி27-ஐ நீக்கி, கூடவே, மயிர்ச் செல்கள் உருவாகத் தூண்டும் ஏடிஓஎச்1 என்ற புரதத்தையும் உற்பத்தியாக வைத்தார்கள். அவற்றில் சில, மயிர்ச் செல்களாக மாறின.