குறைந்தது தண்ணீர், உப்பு அல்ல

இந்த மாதத்தில் இது நான்காவது கடல்மீன் தொட்டி. நான்கு வீட்டிலும் ஒரே தவறு, ஒரே பதில்: "தினமும் விடாமல் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன்." ஊற்றியதுதான் கெடுதல் என்று சொன்னால் முகத்தை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

பந்திங் நகரைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் கடல்மீன் தொட்டி அமைத்துக் கொடுப்பதும் பராமரிப்பதும் என் தொழில். போன சனிக்கிழமை மாலை அழைத்தவர் செம்பனை ஆலையில் வேலை செய்பவர். தொட்டியை வளர்த்தது அவருடைய மகன். பையன் இரண்டு வாரத்துக்கு முன்பு பல்கலைக்கழகம் போய்விட்டான், பொறுப்பு அப்பா தலையில் விழுந்துவிட்டது. "அண்ணே, இறால் இரண்டும் செத்துவிட்டன. டார்ச் பவளம் மூன்று நாளாக விரியவில்லை. ஆனால் மீன் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார்.

போய்ப் பார்த்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் மூடி போட்ட இரண்டு நீல நிறத் தொம்பைகள், அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி. ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், அதாவது வடிகட்டி உப்பு நீக்கிய தண்ணீர்; மற்றதில் தண்ணீர் மாற்றுவதற்காகப் பையன் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீர். ஆர்.ஓ. தொம்பையின் மூடிமேல் தூசி படிந்திருந்தது, உள்ளே விளிம்புவரை தண்ணீர். உப்புத் தொம்பை அடிவரை காலி, ஓரத்தில் வெள்ளை வளையம். கருவியைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அளந்தேன்: 44. இருக்க வேண்டியது 35. அதாவது ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு. தண்ணீரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் கணக்கில் பார்ப்பவர்களுக்கு 1.026.

"எதற்காக இதை ஊற்றினீர்கள்?"

"கடல் தண்ணீர்தானே அண்ணே குறைந்தது? அதில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் உப்புக் குறைந்துவிடாதா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நானும் பொறுமையாகச் சொல்ல முயல்கிறேன்.

தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு எங்கும் போகாது. அடுப்பில் ரசம் சுண்டிவிட்டால் கரிக்கிறது. அப்போது யாராவது உப்பு டப்பாவைத் தேடுவார்களா? ஒரு குவளைத் தண்ணீரைத்தானே ஊற்றுகிறோம்? தொட்டிக்கும் அதே நியாயம்தான். ஆனால் 'கடல்' என்ற சொல் காதில் விழுந்தவுடன் சமையலறை அறிவை எல்லோரும் கூடத்து வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள்.

கணக்காகவே பார்ப்போம். 200 லிட்டர் தொட்டியில் ஏறக்குறைய 7 கிலோ உப்பு கரைந்திருக்கிறது. தண்ணீரைக் குளிரூட்டும் சில்லர் வாங்க வசதியில்லாமல், நம் ஊர் வெயிலுக்கு இரண்டு சிறிய மின்விசிறிகளைத் தண்ணீர்மேல் திருப்பி வைக்கிறோம். தண்ணீர் குளிர்வதே ஆவியாவதால்தான், ஆக நாளுக்கு 4 லிட்டர் போவது ஆச்சரியமில்லை. அந்த 4 லிட்டரை உப்புத் தண்ணீராக ஊற்றினால் ஒவ்வொரு நாளும் 140 கிராம் உப்பு கூடுகிறது. ஒரு வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ, அளவு 40-ஐத் தொடும். இரண்டாவது வாரத்தில் 45. நீர்மட்டம் மட்டும் கோடு போட்டது போல அழகாக அதே இடத்தில் நிற்கும். இந்தத் தவறின் வஞ்சகமே அதுதான், பார்வைக்கு எதுவும் தெரியாது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, சாய்வு நாற்காலியில் இருந்த பெரியவர் எழுந்து வந்தார். என்னை அழைத்தவருடைய அப்பா, அந்தக் காலத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். என் ஹைட்ரோமீட்டரைப் பார்த்து "இது நம் மெட்ரோலாக் அல்லவா?" என்றார். ரப்பர் பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க அந்தக் காலத்தில் பால் கொட்டகையில் மிதக்கவிடும் கருவி அது. பாலில் தண்ணீர் சேர்த்தால் தோட்டத்துக் கணக்கர் கிராணி கண்டுபிடித்துவிடுவார் என்று சிரித்தார். அதுவும் ஹைட்ரோமீட்டர்தான். ஒரே வேறுபாடு, ரப்பர் தண்ணீரைவிட லேசு என்பதால் பால் கெட்டியானால் மெட்ரோலாக் இறங்கும், உப்புத் தண்ணீர் கெட்டியானால் நம் கருவி எழும்பும். ஐந்து நிமிடத்தில் பெரியவருக்குப் புரிந்தது. மகனுக்குத்தான் இன்னும் அரை மனது.

மீன் நன்றாக நீந்துகிறதே என்பார்கள். நீந்தத்தான் செய்யும். கோமாளி மீன் ஓரளவுக்குத் தாக்குப்பிடிக்கும். இறாலுக்கும் நட்சத்திர மீனுக்கும் அந்தச் சலுகை இல்லை, முதலில் போவது அவைதான். மீனைப் பார்த்துத் தொட்டியின் நலத்தை முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது கருவி. முள் அசையும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். முள்ளில் ஒரு சிறு காற்றுக் குமிழி ஒட்டினாலும் அதைத் தூக்கிக் கூடுதலாகக் காட்டும். தட்டிவிட்டுப் பாருங்கள். ஒரு துளியில் ஒளி வளைவதை வைத்து உப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்கள், தயவுசெய்து வெறும் ஆர்.ஓ. தண்ணீரை விட்டுப் பூஜ்யம் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். 35 என்று குறித்து விற்கும் சோதனைக் கரைசலில் சரிபாருங்கள். மலிவான கருவிகளில் பல சாதாரண உப்புக் கரைசலுக்காகச் செய்தவை, நிஜக் கடல்நீரின் 35-ஐ 36.5 என்று கூட்டிக் காட்டும். துளியை விட்டவுடன் கண்ணை வைக்காமல் அரை நிமிடம் பொறுங்கள். பார்த்து முடித்ததும் கண்ணாடியைத் துடையுங்கள். இதைக்கூட நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மோரிப் கடற்கரையில் மொண்டு வந்து ஊற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லங்காட் ஆறு கடலில் கலக்கும் வட்டாரம் அது. மழைக்கு ஒரு அளவு, வெயிலுக்கு ஒரு அளவு, சேறு இலவசம். பவளத்துக்கு ஆகாது. சமையல் உப்பைக் கரைப்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. அதில் பவளம் எலும்பு கட்டத் தேவையான கால்சியம் எங்கே இருக்கிறது?

உப்பு ஏறிவிட்டது தெரிந்தால் பதறி ஒரே மூச்சில் தண்ணீரைக் கொட்டாதீர்கள். உப்பு ஏற்றியதில் பிழைத்தவை உங்கள் அவசரத்தில் சாகும். சனிக்கிழமை நான் எடுத்தது 9 லிட்டர், திரும்ப ஊற்றியது அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர், சம்ப் என்ற கீழ்த்தொட்டிக்குள் மெல்ல மெல்ல. 44 அன்றைக்கு 42 ஆனது. நாளுக்கு இரண்டு அளவுக்குமேல் இறக்கவில்லை. உப்புக் குறைந்த தொட்டியில் ஏற்றும்போது இன்னும் நிதானம் வேண்டும், நாளுக்கு ஒன்றுக்குமேல் கூடாது. உப்புத் தூளை நேரே தொட்டியில் போடவே கூடாது. தனித் தொம்பையில் தண்ணீர் பிடித்து, பம்ப்பை ஓடவிட்டு, பிறகு உப்பைப் போட்டுக் கரையுங்கள். மறுநாள் அளந்த பிறகு பயன்படுத்துங்கள்.

சம்ப் வைத்திருப்பவர்கள் மேல்தொட்டியைப் பார்த்துப் பயனில்லை, அங்கே மட்டம் மாறாது. பம்ப் இருக்கும் கடைசி அறையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தினமும் காலையில் அந்தக் கோடுவரை ஆர்.ஓ. தண்ணீர், அவ்வளவுதான். தண்ணீரைத் தானே நிரப்பும் தானியங்கிக் கருவி வைத்தால் அதன் வாளி சிறியதாக இருக்கட்டும், மிதவையில் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்தால் போதும், இரவோடு இரவாக வாளி முழுவதும் தொட்டிக்குள் போய்விடும். அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் எடுத்துக் கொட்டும் அழுக்கோடு கொஞ்சம் உப்பும் போகிறது. அதனால் எல்லாம் சரியாகச் செய்பவர்களும் வாரம் ஒருமுறை அளக்க வேண்டும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களே, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். நாளுக்கு ஒரு போத்தல் என்று ஆர்.ஓ. தண்ணீரை அளந்து வரிசையாக வைத்துவிடுங்கள், உப்புத் தொம்பையை அறைக்குள் பூட்டிவிடுங்கள். அந்தப் பெரியவர் அன்றைக்கே தடித்த மையால் ஒரு தொம்பையில் 'தினமும்' என்றும், மற்றதில் 'பேரனைக் கேள்' என்றும் எழுதிவிட்டார்.

சந்தேகமாக இருந்தால் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கடைக்குக் கொண்டு வாருங்கள், காசு வாங்காமல் அளந்து தருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: கழுவாத கிச்சாப் (சோயா சாஸ்) போத்தலில் கொண்டு வராதீர்கள். போன வாரம் ஒருவர் அப்படித்தான் கொண்டு வந்தார், நான் மூன்று முறை அளந்துவிட்டு என் கருவியைச் சந்தேகப்பட்டேன்.